சோறு, பருப்பு, எண்ணெய்: நம் தட்டில் எதற்கு எவ்வளவு இடம்?

நோய் நீங்கி வீடு திரும்புவோரும் அவர்தம் உறவினரும் எங்களிடம் தவறாது கேட்கும் கேள்வி, "என்ன உணவு கொடுக்கலாம்?" என்பது. பெரும்பாலான இல்லங்களில் அதற்கான விடை முன்னரே முடிவாகியிருக்கும்: அரிசிக் கஞ்சி, இட்லி, ரசம் சாதம், மாலையில் தேநீரும் ரஸ்க்கும். எளிதில் செரிக்க வேண்டும் என்ற அக்கறையில் எழும் பட்டியல் இது. காய்ச்சல் தணியும்வரை ஓரிரு நாள்களுக்கு இதில் குறையொன்றும் இல்லை. ஆனால் இதுவே மூன்று, நான்கு வாரங்கள் நீடித்தால் எடை குறைகிறது, நடை தளர்கிறது, அறுவைப் புண் ஆறத் தாமதமாகிறது. வயிறு நிறைந்தும் உடல் தேறாதது ஏன் என்பதை இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

மூன்று சத்துகள், மூன்று பணிகள்

உடலுக்குப் பெருமளவில் தேவைப்படும் சத்துகள் மூன்று. மாவுச்சத்து எரிபொருள். மூளையும் தசையும் அதையே முதலில் பயன்படுத்துகின்றன. ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி தருகிறது. புரதமும் கிராமுக்கு 4 கலோரி தரும். ஆயினும் அதன் தலையாய பணி கட்டுமானம். தசை, தோல், குருதி அணுக்கள், நோய் எதிர்ப்புப் பொருள்கள் யாவும் புரதத்தால் ஆனவை. கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி தரும் சேமிப்பு. அன்றியும் ஏ, டி, ஈ, கே ஆகிய வைட்டமின்களை உடல் ஏற்பதற்கும் கொழுப்பு வேண்டும்.

எஞ்சிய மாவுச்சத்தை உடல் கொழுப்பாக மாற்றிச் சேமிக்கும். புரதத்துக்கு அத்தகைய கிடங்கு இல்லை. உணவில் புரதம் குறைந்தால் உடல் தன் தசையையே கரைத்து எடுத்துக்கொள்கிறது. படுக்கையில் கிடக்கும்போது இவ்விழப்பு விரைவாக நிகழும். 2007இல் அமெரிக்காவில் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில், நலமாக இருந்த முதியோர் பத்து நாள்கள் படுக்கையிலேயே இருந்தபோது கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசையை இழந்தனர். நோயுற்றவருக்கு இழப்பு இதனினும் மிகுதியாகலாம்.

குடும்ப அட்டை சொல்லும் கணக்கு

இம்மூன்று சத்துகளும் நம் நியாயவிலைக் கடையிலேயே கிடைக்கின்றன: விலையில்லா அரிசி, கிலோ 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பு, லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில். நால்வர் அடங்கிய குடும்பம் மாதம் 20 கிலோ அரிசியும் ஒரு கிலோ பருப்பும் பெறுவதாகக் கொள்வோம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு அரிசி சுமார் 167 கிராம் வருகிறது. பருப்போ 8 கிராம்தான் வருகிறது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 2,000 கலோரி உணவுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம் என்று வகுக்கிறது. அசைவம் உண்போர் அந்த 85 கிராமில் ஒரு பகுதியை முட்டை, மீன், இறைச்சியால் ஈடு செய்யலாம். கடையில் பெறும் அரிசி தேவையில் பாதிக்கு மேல் நிறைவு செய்கிறது. பருப்போ தேவையில் பத்தில் ஒரு பங்குதான். எஞ்சியதை நாம் வாங்கிச் சேர்க்க வேண்டும். பல வீடுகளில் அவ்வாறு சேர்க்கப்படுவது மீண்டும் அரிசியே.

நாடு முழுவதிலும் இதே நிலைதான். சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து நடத்திய பெரும் ஆய்வின் உணவுப் பகுதி 2025இல் வெளியானது. இந்தியர் பெறும் கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தும், 12 விழுக்காடு மட்டுமே புரதத்திலிருந்தும் வருவதாக அது தெரிவித்தது. மாவுச்சத்தின் அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ உண்பதால் மட்டும் நீரிழிவு வாய்ப்பு குறைவதாக அதில் காணப்படவில்லை. மொத்தக் கலோரியில் 5 விழுக்காடு அளவுக்கு மாவுச்சத்தை விட்டு அவ்விடத்தைப் பருப்பு, பால், முட்டை, மீன் ஆகியவற்றின் புரதத்தால் நிரப்பியோரிடம் அவ்வாய்ப்பு குறைந்திருந்தது. இரவில் சோற்றை விட்டு நான்கு சப்பாத்தி உண்போர் கருதத்தக்க செய்தி இது.

ஒரு நாளின் புரதக் கணக்கு

நலமுடன் இருக்கும் ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் நாள்தோறும் தேவை. 60 கிலோ எடை உள்ளவருக்கு இது 50 கிராம் ஆகும். முதியோருக்கும் நோயிலிருந்து மீள்வோருக்கும் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம்வரை, சிலருக்கு அதற்கு மேலும் தேவைப்படும்.

முதலில் சொன்ன பட்டியலைக் கணக்கிட்டுப் பார்ப்போம். காலையில் மூன்று இட்லி, முற்பகலில் கஞ்சி, மதியம் ரசம் சாதம், மாலையில் தேநீரும் ரஸ்க்கும், இரவில் மீண்டும் இட்லி. இவை அனைத்தும் சேர்ந்து 25 கிராம் புரதத்தை எட்டுவதே அரிது. தேவையில் பாதி இது.

மறுபாதியை நிரப்ப விலையுயர்ந்த பொடிகள் வேண்டா. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு குவளைப் பாலில் 6 கிராம், ஒரு கிண்ணத் தயிரில் 5 கிராம், 30 கிராம் துவரம் பருப்பில் சுமார் 7 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம், 100 கிராம் மீனில் 18 கிராமுக்குக் குறையாமல் புரதம் உண்டு. கஞ்சியையே கொடுக்க விரும்புவோர் அரிசியோடு பாசிப்பருப்பைச் சரிபாதி சேர்த்துக் காய்ச்சலாம். ரசத்தைத் தெளிவாக இறுக்காமல் பருப்பை மசித்துக் கரைக்கலாம். மாலையில் ரஸ்க்குக்குப் பதில் குழைய வெந்த சுண்டல் தரலாம். அரிசியில் குறைவாக உள்ள லைசின் பருப்பில் மிகுதி. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு. ஆகவே பருப்புச் சோறும் பொங்கலும் இட்லியும் நல்ல சேர்க்கைகளே. பருப்பின் பங்கை உயர்த்தினால் போதும்.

தமிழகப் பள்ளிகளின் சத்துணவில் வாரத்தின் ஐந்து நாள்களும் முட்டை இடம்பெறுகிறது. குழந்தைக்குத் தேவை என நாம் உணர்ந்த ஒன்று, அதே வீட்டில் தேறிவரும் பாட்டிக்கும் தேவையே.

எண்ணெயைப் பொறுத்தவரை ஒருவருக்கு நாளொன்றுக்கு 27 கிராம், அதாவது இரண்டு மேசைக்கரண்டி அளவு போதும். கடலெண்ணெய், நல்லெண்ணெய் என மாற்றிப் பயன்படுத்துவது நன்று. பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சுவது கூடாது. எடை மிகவும் குறைந்த நோயாளிக்குக் கஞ்சியில் ஒரு தேக்கரண்டி நெய் விடுவது சிறிய அளவு உணவிலேயே கூடுதல் ஆற்றல் தரும் வழியாகும்.

சானடோரியம் தரும் பாடம்

சேலையூருக்கு அருகிலேயே இதற்கொரு வரலாற்றுச் சான்று உண்டு. நாள்தோறும் நாம் கடந்து செல்லும் தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தின் பெயர், மருத்துவர் சௌரி முத்து 1928இல் நிறுவிய காசநோய் மருத்துவமனையிலிருந்து வந்தது. காசநோய்க்கு மருந்து கண்டறியப்படாத அக்காலத்தில் தூய காற்று, ஓய்வு, சத்தான உணவு ஆகியவையே சானடோரியங்களின் மருத்துவம். பின்னர் மருந்துகள் வந்தன. வீட்டிலிருந்தபடியே மருந்துண்டு குணமடையலாம் என்பதை 1959இல் வெளியான சென்னை ஆய்வு உலகுக்கு உணர்த்தியது.

எனினும் உணவின் பங்கு மறைந்துவிடவில்லை. ஜார்க்கண்டில் நடைபெற்று 2023இல் வெளியான ஆய்வில், காசநோயாளிகளின் வீட்டாருக்கு மாதந்தோறும் கூடுதலாக அரிசி, பருப்பு, நுண்சத்து மாத்திரைகள் வழங்கப்பட்டன. அவர்களிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது. மருந்துண்ட நோயாளிகளுள் முதல் இரண்டு மாதங்களில் எடை கூடியோருக்கு இறப்பு வாய்ப்பு குறைவாக இருந்தது. காசநோயாளிகளுக்கு அரசு மாதந்தோறும் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவி வழங்குவது இதனாலேயே. அத்தொகை முட்டைக்கும் பருப்புக்கும் பாலுக்கும் செல்வதைக் குடும்பத்தார் உறுதி செய்ய வேண்டுகிறோம்.

உடற்பயிற்சி செய்வோருக்கு

புரதம் உண்பதால் மட்டும் தசை வளராது. உழைக்கும் தசையே புரதத்தை ஏற்று வலுப்பெறும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து அமர்வது தேறிவரும் முதியவருக்கு ஏற்ற பயிற்சி. உடற்பயிற்சிக் கூடம் செல்லும் இளைஞருக்கும் வீட்டு உணவே பெரும்பாலும் போதுமானது. புரதப் பொடிகளைத் தவிர்க்குமாறே தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அறிவுறுத்துகிறது. எடை குறைக்க விரும்புவோர் சோற்றை அறவே நீக்க வேண்டியதில்லை. ஒரு கரண்டிச் சோற்றைக் குறைத்து அவ்விடத்தில் ஒரு கரண்டிக் கூட்டோ பயறோ வைத்தால் பசியும் அடங்கும், தசையும் காக்கப்படும்.

யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

சிறுநீரகச் செயல்பாடு குறைந்தோர் மருத்துவரைக் கேளாமல் புரதத்தைக் கூட்டலாகாது. டயாலிசிஸ் செய்துகொள்வோரின் தேவை வேறு. அவர்களுக்குப் புரதம் கூடுதலாகவே வேண்டும். முற்றிய கல்லீரல் நோய் உள்ளோர் அயலார் சொல் கேட்டுப் புரதத்தை நிறுத்திவிடவும் கூடாது. இன்சுலின் போடுவோரும் சர்க்கரை மாத்திரை உண்போரும் மாவுச்சத்தைக் குறைக்கும்போது மருந்தின் அளவையும் மாற்ற வேண்டிவரலாம். இல்லையேல் சர்க்கரை அபாயமாகத் தாழக்கூடும்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வருகையில், நோயாளி மூன்று நாள்கள் உண்டவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். எது மிகை, எது குறை என்பதை அத்தாளைக் கொண்டு உங்களோடு அமர்ந்து நாங்கள் கணக்கிட்டுச் சொல்வோம். அதுவரை ஒவ்வொரு வேளையும் தட்டைப் பார்த்து ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: இதில் புரதம் எங்கே?