மாமர நிழலுக்குள் இத்தனை அதிசயமா! தெரியுமா?

குளிர்நாட்டுத் தோட்டங்களில் நிழல் என்றாலே ஹொஸ்டாதான்! யப்பான், கொரியா, சீனக் காடுகளில் பிறந்த செடி. நீலம் பூத்த இலை, வெள்ளைக் கரையிட்ட இலை, பொன்னிற இலை என்று இன்று ஆயிரக்கணக்கான வகைகள்! யப்பானில் அதன் இளந்தளிரைச் சமைத்தே உண்கிறார்கள், தெரியுமா? வெளிநாட்டுச் சொந்தங்கள் அனுப்பும் படத்தைப் பார்த்துவிட்டு, “எங்கட வவுனியா வளவிலையும் வைக்கலாமோ?” என்று கேட்கத் தோன்றும்.

வைக்கலாம், நிலைக்காது. ஏன் தெரியுமா? ஹொஸ்டாவுக்கு உறக்கம் வேண்டும்! ஆண்டுதோறும் பல வாரங்கள் 5 பாகை அளவுக் குளிரில் கிடந்தால்தான் வசந்தத்தில் அது வலுவாகத் தளிர்க்கும். வவுனியாவிலோ தை மாத இரவுகூட 20 பாகைக்கு அருகில்தான் நிற்கும். உறங்க முடியாத செடி வருடத்துக்கு வருடம் மெலிந்துபோகும்.

ஆனால் நம் மண்ணிலும் உறங்கும் செடிகள் உண்டு! அவை குளிருக்கு உறங்குவதில்லை, கோடைக்கு உறங்குகின்றன. நிலம் காய்ந்ததும் இலையை விட்டுவிட்டுக் கிழங்காக மண்ணுக்குள் கிடந்து, மழை கண்டதும் எழும்புகின்றன. வேலியோரக் கார்த்திகைப் பூவும் இந்தக் கூட்டம்தான்!

கச்சோலத்தைப் பாருங்கள். நாட்டு மருந்துக்கு வாங்கும் அதே கச்சோலம்! மா, பலா நிழலில் இலைகளை நிலத்தோடு ஒட்டப் பரப்பி வளரும். நடுவில் ஊதாப் பொட்டிட்ட வெள்ளைப் பூ. ஒரு நாள்தான் அதன் ஆயுள். இதற்கும் ஹொஸ்டாவுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது, நம்புவீர்களா? 1690 முதல் 1692 வரை நாகசாகியில் இருந்த ஜேர்மன் மருத்துவர் எங்கெல்பேர்ட் கெம்ப்ஃபர்தான் ஹொஸ்டாவை முதலில் ஐரோப்பியருக்கு வரைந்து காட்டியவர். தாவரங்களுக்குப் பெயரிட்ட லின்னேயஸ் அவர் நினைவாகவே கச்சோலத்தின் பேரினத்தைக் ‘கெம்ப்ஃபேரியா’ என்றார்! ஹொஸ்டாவுக்கோ 1812இல் ஒஸ்திரியத் தாவரவியலாளர் ஹொஸ்ட்டின் பெயர் போய்ச் சேர்ந்தது. முதலில் வரைந்தவரின் பெயர் நம் மருந்துக் கிழங்கில் வாழ்கிறது!

அடுத்தது இன்னும் பெரிய வியப்பு. கரணைக்கிழங்குச் செடியில் எத்தனை இலை? ஒன்றே ஒன்று! புள்ளி விழுந்த தண்டு என்று நாம் நினைப்பது இலைக்காம்பு. குடையாக விரிந்து கிடப்பதெல்லாம் பலவாகப் பிளந்த ஒரே இலை! பூ வந்தாலோ அழுகல் நாற்றம் வீசும், சூடும் பிறக்கும். வண்டுகளை இழுப்பதற்குத்தான் இத்தனையும்! உணவுக்கு மட்டும் என்று ஒதுக்காமல் பின்வளவு நிழலில் அழகுக்காகவும் ஒன்றை விடுங்கள். ஹொஸ்டாவால் இந்தக் கம்பீரத்தைத் தர முடியாது என்பது என் துணிபு.

நிறம் வேண்டுமா? தென்னமெரிக்காவிலிருந்து வந்த கலேடியம் இருக்கிறது. சிவப்பும் வெள்ளையும் தெறித்த இலை! வெள்ளைப் பகுதியில் பச்சையம் கிடையாது. ஆகவே வெள்ளை கூடிய வகை மெதுவாகத்தான் வளரும். ஒரு எச்சரிக்கை: கலேடியம், சேம்பு, கரணை எல்லாவற்றின் இலையிலும் ஊசி போன்ற நுண்ணிய படிகங்கள் உண்டு. பச்சையாகக் கடித்தால் வாய் எரியும், வீங்கும். தவழும் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

மருள் மட்டும் உறங்காது. தடித்த இலையில் நீரைச் சேமித்து, வெப்பம் தணிந்த இரவில் மட்டும் இலைத்துளை திறந்து காற்றிலுள்ள கரியமிலவாயுவை வாங்கும். கடையில் விற்கும் மஞ்சள் கரையிட்ட வகை மேற்கு ஆபிரிக்காவினது. நம் வறண்ட காட்டு மருளோ இலங்கைக்கும் இந்தியாவுக்கும் உரியது!

ஆவணியில் இலை மடிந்த இடத்தைப் பார்த்து, செடி செத்துப்போனதென்று எண்ணி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றாதீர்கள். உறங்கும் கிழங்கு அழுகுவது அதனால்தான்! சருகால் மூடி விட்டுவிடுங்கள். புதிதாக நடுவதானால் புரட்டாசியில், மாரி தொடங்குமுன், முளை உள்ள கிழங்குத் துண்டு ஒன்றை எடுத்து, சாம்பல் தடவி, வெட்டுக் காய்ந்தபின் நீர் தேங்காத மேட்டில் புதையுங்கள்.