செயின்சோவின் கயிற்றை இழுப்பதற்கு முன்

2013 டிசம்பர் 21ஆம் திகதி இரவு பெய்த உறைமழை ரொறன்ரோவின் மரங்களை ஒடித்துப் போட்டது. கிளைகள் மின்கம்பிகளில் விழுந்ததில் ஏறத்தாழ 3 லட்சம் ரொறன்ரோ ஹைட்ரோ வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனது. பல வீடுகளில் நத்தார் இருட்டிலேயே கழிந்தது. 2022 மே 21இல் தெற்கு ஒன்ராறியோவைக் குறுக்கறுத்துப் போன பெருங்காற்றில் குறைந்தது 10 பேர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலானோர் மரம் விழுந்ததால். இப்படி ஒரு புயல் ஓய்ந்த மறுநாள் காலையில்தான் வீட்டுக்காரருக்கு செயின்சோ நினைவுக்கு வருகிறது.

கடைக்குப் போய் வாங்கி வர ஒரு மணி நேரம் போதும். வாங்க உரிமம் தேவையில்லை, சொந்த வளவில் இயக்கப் பயிற்சிச் சான்றிதழும் தேவையில்லை. மரத்தைத் தறிக்கத்தான் அனுமதி வேண்டும். வாளைப் பிடிக்கும் வீட்டுக்காரரை விட வளவில் நிற்கும் மேப்பிளுக்கே இந்த நகரத்தில் சட்டக் காவல் அதிகம்.

நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் 30 செ.மீ. அல்லது அதற்கு மேல் விட்டமுள்ள மரம் எதுவானாலும், அது உங்கள் காணியில் நின்றாலும், மாநகராட்சியின் அனுமதியின்றித் தறிக்கவோ காயப்படுத்தவோ கூடாது. அந்த உயரத்தில் ஒரு நூலைச் சுற்றிப் பாருங்கள். 94 செ.மீ. சுற்றளவு வந்தால் மரம் சட்டத்துக்குள் வந்துவிட்டது. வீட்டு முன் தெருவோர மரம் பெரும்பாலும் மாநகராட்சியின் சொத்து. அதற்கு அளவுக் கணக்கே கிடையாது. ரூஜ், ஹைலண்ட் கிறீக் போன்ற பள்ளத்தாக்குகளை ஒட்டிய பாதுகாப்புப் பகுதிகளிலும் அப்படித்தான். ஸ்காபரோவில் வாழும் தமிழர் பலரின் பின்வளவு இந்த எல்லைக்குள் வரும். மீறினால் மரம் ஒன்றுக்கு 500 டொலரிலிருந்து ஒரு லட்சம் டொலர் வரை தண்டம். அடிமரம் இரண்டு காணிகளின் எல்லையில் நின்றால் அது இருவருக்கும் பொதுச்சொத்து என்கிறது ஒன்ராறியோவின் வனச் சட்டம். அயலவரின் சம்மதமில்லாமல் கை வைப்பது குற்றம். வேலிச் சண்டைக்குப் பேர்போன யாழ்ப்பாணத்தவருக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. பட்டுப்போன மரத்துக்கும் உடனே விழக்கூடிய மரத்துக்கும் விலக்கு உண்டு. அப்போதும் முதலில் மாநகராட்சியின் 311 இலக்கத்துக்கு அழைத்து, படம் அனுப்பி உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

சம்பளத்துக்கு வாள் பிடிப்பவருக்கும் சட்டம் துணை நிற்கிறது. கட்டுமானத் தளங்களுக்கான ஒன்ராறியோ ஒழுங்குவிதி 213/91 சொல்வது இது: வாள் உதைத்தால் சங்கிலியை நிறுத்தும் தடுப்பு இருக்க வேண்டும், இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடிக்க வேண்டும், வெட்டாத வேளையில் சங்கிலி ஓடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை பின்வளவில் நிற்பவரைக் கேட்க ஆளில்லை. ஆனால் அந்த விதி தடுக்கப் பார்க்கும் ஆபத்து அவருக்கும் அதேதான்.

அந்த உதைப்புத்தான் முதல் எதிரி. சங்கிலி நொடிக்கு 20 மீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. அலகின் நுனியில், மேல் கால்வாசிப் பகுதி எதிலாவது பட்டால் பற்கள் மரத்தை அறுக்காமல் கவ்விக்கொள்ளும். அந்த விசை முழுவதும் திரும்பி, வாள் மேலேயும் பின்னேயும் எகிறும். கண் இமைப்பதற்குள் அது கழுத்துக்கு வந்துவிடும். இடது கட்டைவிரல் முன்பிடியைச் சுற்றிக் கீழே பூட்டியிருக்க வேண்டும், தலை அலகின் நேர்கோட்டில் இருக்கக்கூடாது, தோளுக்கு மேலே வெட்டக்கூடாது, ஏணியில் நின்று வெட்டவே கூடாது என்பதெல்லாம் இதனால்தான். செயின்சோவுக்கென விற்கும் காற்சட்டை கொஞ்சம் விலை கூடியது. அதன் உள்ளே நீண்ட இழைகள் அடுக்கடுக்காக இருக்கும். சங்கிலி துணியைக் கிழித்த கணமே அவை உருவி வந்து பல்சக்கரத்தில் சிக்கி வாளை நிறுத்திவிடும். ஜீன்ஸ் அதைச் செய்யாது.

நிற்கும் மரத்தை வீழ்த்துவது வேறு கலை. விழ வேண்டிய பக்கத்தில் முதலில் ஆப்பு வடிவில் ஒரு முன்வெட்டு. பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து பின்வெட்டு. இரண்டும் சந்திக்கவே கூடாது. நடுவில் விட்டத்தின் பத்தில் ஒரு பங்கு அளவு மரம் அறுபடாமல் நிற்க வேண்டும். கதவின் பிணைச்சல் மாதிரி அதுதான் மரத்தைச் சொன்ன திசைக்குச் சாய்க்கும். பிணைச்சலையும் அறுத்துவிட்டால் மரம் தன் விருப்பப்படி விழும். தொழில் தெரிந்தவர், மரம் விழும் திசைக்கு எதிரே, சரிவாகப் பின்வாங்கும் வழியைத் துப்புரவாக்கி வைத்த பிறகே வாளை எடுப்பார். மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேறு எவரும் நிற்கக்கூடாது. ரொறன்ரோவின் நெருக்கமான பின்வளவுகளில் அந்த இடம் எங்கே இருக்கிறது?

விழுந்து கிடக்கும் மரம் சாது என்று நினைப்பதும் தவறு. இரண்டு முனையிலும் தாங்கப்பட்டு நடுவில் தொய்ந்த கிளையின் மேற்பக்கம் நெரிபட்டும், கீழ்ப்பக்கம் இழுபட்டும் இருக்கும். மேலிருந்தே ஆழமாக வெட்டினால் வெட்டுவாய் மூடி அலகைக் கவ்விக்கொள்ளும். ஒரு முனை மட்டும் தாங்கியிருந்தால் எல்லாம் தலைகீழ். நெரிபட்ட பக்கத்தில் முதலில் மேலோட்டமாகக் கீறி, பிறகு இழுபட்ட பக்கத்திலிருந்து முடிப்பதே முறை. வேரோடு சரிந்த மரத்தின் தண்டை அறுத்ததும், மண்ணோடு கூடிய வேர்த்தட்டு சடாரென்று நிமிர்ந்து குழிக்குள் உட்காரும். அப்போது அங்கே பிள்ளைகள் விளையாடக்கூடாது.

ரொறன்ரோவில் இந்த வேலையைப் பெருக்கியது புயல் மட்டுமல்ல. நகரத்தில் சுமார் 8,60,000 ஆஷ் மரங்கள் இருந்தன. 2007இல் இங்கே கண்டறியப்பட்ட பச்சை நிற ஆஷ் துளைப்பான் வண்டு அவற்றைச் சூறையாடியது. வண்டரித்துப் பட்ட ஆஷ், தேர்ந்தவர்களே ஏறத் தயங்கும் அளவுக்கு உடையக்கூடியது. இன்றைய சங்கிலிப் பல்லுக்கும் ஒரு வண்டுப் புழுதான் மூலம் என்பது விந்தை. இடமும் வலமுமாக மரத்தைக் கடித்து முன்னேறும் புழுவைப் பார்த்த ஒரிகன் மரவெட்டி ஜோசப் கொக்ஸ், அதே போக்கில் பற்களை அமைத்து 1947இல் விற்கத் தொடங்கினார்.

மின்கம்பி என்றால் பேச்சே இல்லை. மேலே போகும் கம்பியிலிருந்து 3 மீற்றர், அறுந்து விழுந்த கம்பியிலிருந்து 10 மீற்றர் விலகி நிற்க வேண்டும். கம்பியைத் தொடும் கிளை ஹைட்ரோக்காரரின் வேலை.

ஒன்ராறியோவில் மின்பணியாளருக்கு உரிமம் கட்டாயம். மரம் தறிப்பவருக்குக் கட்டாயமில்லை. பழைய வானும் வாளும் இருந்தால் யாரும் கதவைத் தட்டலாம். பாதி விலைக்கு வருகிறேன் என்பவரிடம் பொறுப்புக் காப்புறுதிப் பத்திரத்தையும், தொழிலாளர் காப்புறுதிச் சபையின் தெளிவுச் சான்றிதழையும் கேளுங்கள். நிலத்தில் கிடக்கும் சிறு கிளைகளை நீங்களே அரியுங்கள். தலைக்கு மேலே இருப்பதையும் வளைந்து முறுகிக் கிடப்பதையும், அந்த இரண்டு தாள்களையும் காட்டக்கூடியவரிடம் விட்டுவிடுங்கள்.