மழைக்காலத்துக்கு ஒரு பாஸ்புக்

நெய்யாறு அணையை ஒட்டிய எங்கள் கள்ளிக்காட்டில் பலருக்கும் ரப்பர் பால்வெட்டுதான் பிழைப்பு. 1958-இல் கட்டி முடிந்த அணை மழையில் நிறைந்து, கோடையில் வயலுக்குக் கொடுக்கிறது. பால்வெட்டுக் குடும்பத்தின் வருமானமோ இதற்கு நேர் எதிர். அக்டோபர் முதல் ஜனவரி வரை பால் நன்றாக வடியும்; கையில் காசு இருக்கும். பிப்ரவரியில் இலை உதிர்ந்து வெட்டு குறையும். ஜூன் மழையில், மரத்துக்குப் பிளாஸ்டிக் மறைப்புக் கட்டாத தோட்டங்களில் வேலை நின்றே போகும். அதே ஜூனில்தான் பள்ளிக்கூடமும் திறக்கிறது.

சென்ற ஜூனில் பக்கத்து வீட்டுச் சிறுமி முதல் வாரம் பள்ளிக்குப் போகவில்லை. வயது பதினொன்று. பாடப்புத்தகத்தை அரசு இலவசமாகத் தருகிறது. ஆனால் பை, குடை, செருப்பு, நோட்டு? அப்பா வட்டிக்குக் கடன் வாங்கிய பிறகே போனாள். அந்தப் பணத்தை நானே கொடுத்திருக்கலாம். ஆனால் அடுத்த ஜூனுக்கு என்ன செய்வது?

"சாரே, பத்து ரூபாய்க்கு எதுக்கு பேங்கு?" என்றார் அவள் அப்பா. கணக்குப் போட்டுக் காட்டினேன். வேலையுள்ள நாளில் 10 ரூபாய், மாதம் 25 நாள், நான்கு மாதம்: 1,000 ரூபாய். வாரம் ஒரு 50 ரூபாய் லாட்டரிச் சீட்டைத் தவிர்த்தால் ஆண்டுக்கு 2,600 ரூபாய். அவர் சிரித்துவிட்டார், மறுக்கவில்லை.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. பத்து வயது நிறைந்த குழந்தை தன் பெயரில் சேமிப்புக் கணக்கு தொடங்கித் தானே இயக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2014-இல் அனுமதித்தது. 2025-இல் அதை மீண்டும் உறுதி செய்தது. தொகை வரம்பை அந்தந்த வங்கி வைத்துக்கொள்ளும். குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைக் கணக்கும் வங்கிகளில் உண்டு. அஞ்சலகத்தில் என்றால் 500 ரூபாய் வேண்டும். பத்து வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தைக்குச் செல்வமகள் திட்டம் உண்டு. ஆனால் அது நெடுங்காலச் சேமிப்பு, ஜூன் குடைக்கு உதவாது.

கணக்கு குழந்தையின் பெயரில் இருந்தால் மட்டும் போதாது. பணத்தைப் போடுவதும் எடுப்பதும் அவள் கையால் நடக்க வேண்டும். கூடவே ஒரு நோட்டும் வாங்கிக் கொடுத்தேன். இடப்பக்கம் 'தேவை', வலப்பக்கம் 'பொறுத்திருக்கலாம்'. ரயில்வேயில் தினமும் குறிப்பெழுதிய பழக்கம் எனக்கு. எழுதினால்தான் கசிவு எங்கே என்று தெரியும். முதல் மாதம் அவளுடைய வலப்பக்கத்தில் இருந்தவை மிட்டாயும் பாக்கெட் சிப்ஸும்தான். இரண்டாம் மாதம் அந்தப் பக்கம் பாதியாகக் குறைந்தது.

மே மாதக் கடைசியில் அவளே சீட்டு எழுதி, கையெழுத்துப் போட்டுப் பணம் எடுக்க வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. குடைக்குச் சிவப்பு நிறம் என்று இப்போதே முடிவு செய்துவிட்டாள்.

சங்க அன்பர்களே, உங்கள் தெருவிலும் இப்படி ஒரு குழந்தை இருக்கும். ஒரு நாள் காலை வங்கிவரை உடன் சென்று வாருங்கள்.