லக்னோ போகுமுன் கால் சுளுக்கினால்...?

வைத்தியம் படித்தவர்களுக்கு வைத்தியம் செய்வதைப் போலக் கஷ்டமான காரியம் உலகத்தில் வேறு கிடையாது. ஊராருக்கு உடம்பு சரியில்லை என்றால், "உடனே படுத்து ஓய்வெடுங்கள்!" என்று அதட்டுவார்கள். தமக்கே வந்துவிட்டாலோ, "ஒன்றுமில்லை, இரண்டு நாளில் சரியாய்ப் போய்விடும்" என்பார்கள். அப்படிச் சொல்கிறவள் ராணுவத்தில் டாக்டராகச் சேரப் போகிற இளம் பெண்ணாகவும் இருந்துவிட்டால், அப்புறம் கேட்கவே வேண்டாம்!

புனேயில் உள்ள ராணுவ மருத்துவக் கல்லூரி 1948-ல் தோன்றியது. 1962-லிருந்து அங்கே எம்.பி.பி.எஸ். படிப்பு நடந்து வருகிறது. படிப்புச் செலவைச் சர்க்கார் ஏற்றுக்கொள்கிறது. பதிலுக்கு, படையில் சேவை செய்வதாக மாணவர்கள் ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கிறார்கள். திருப்பதியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பத்மா பந்தோபாத்யாய அங்கே படித்தவர்தாம்; 2004-ல் நம் விமானப் படையின் முதல் பெண் ஏர் மார்ஷலாக உயர்ந்தார். 2024-ல் முப்படைகளின் மருத்துவ சேவைக்கே தலைமைப் பொறுப்பை ஆர்த்தி சரீன் ஏற்றார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். ஆகவே, உங்கள் வீட்டுப் பெண்ணும் அந்தக் கனவு கண்டால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

படிப்பும் ஹவுஸ் சர்ஜன் காலமும் முடிந்து, உடற்பரிசோதனையில் தேறிக் கமிஷன் பெற்றவர்கள் லக்னோவுக்குப் போகிறார்கள். ராணுவ மருத்துவப் படையின் பயிற்சிக் கேந்திரம் அங்கேதான் இருக்கிறது. வேறு கல்லூரிகளில் படித்துவிட்டுக் குறுகிய காலச் சேவைக்கு வரும் டாக்டர்களுக்கும் அங்கேதான் அடிப்படைப் பயிற்சி. அங்கே ஸ்டெதாஸ்கோப் மட்டும் இருந்தால் போதாது. அணிவகுப்பு, ஓட்டம், துப்பாக்கி, வரைபடம் பார்த்து வழி கண்டுபிடிப்பது எல்லாம் உண்டு.

ஆபத்து பெரும்பாலும் அதற்கு ஒரு மாதம் முன்னால் வருகிறது. வருஷக்கணக்காகப் புத்தகமும் வார்டுமாக இருந்த பெண்ணுக்கு, "ஐயோ, ஓடத் தெரியாதே!" என்று திடீர் ஞானோதயம் பிறக்கிறது. மறுநாள் விடியற்காலையில் எழுந்து ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறாள். பத்தாவது நாள் நொண்டிக்கொண்டு வருகிறாள்.

சுளுக்கா, முறிவா?

கால் பிசகி விழுந்தால், எண்ணெய் தடவி உருவிவிட வீட்டில் யாராவது தயாராக இருப்பார்கள். சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள். கானடாவில் ஆட்டவா நகரத்து டாக்டர்கள் 1992-ல் எளிய விதி ஒன்றை வெளியிட்டார்கள். கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்பின் பின்விளிம்பையோ நுனியையோ அழுத்தினால் வலிக்கிறதா? விழுந்தவுடனும், பிறகு டாக்டரிடம் வந்தபோதும், நாலு அடி எடுத்து வைக்க முடியாமல் இருந்ததா? இரண்டில் ஒன்றுக்கு "ஆம்" என்றால் எக்ஸ்ரே அவசியம். பாதத்தின் வெளி ஓரத்தில், நடுவே துருத்தி நிற்கும் எலும்பை அழுத்தி வலித்தாலும் அப்படியே.

வெறும் சுளுக்குத்தான் என்று தெரிந்தால், முதல் இரண்டு மூன்று நாள் காலை உயரமாக வைத்து, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைச் சிறிது நேரம் ஒத்தி, மீள்கட்டுப் போட்டால் வலியும் வீக்கமும் மட்டுப்படும். அப்புறம் படுத்தே கிடக்கக் கூடாது. வலி பொறுக்கிற அளவுக்கு மெதுவாக நடமாட வேண்டும். பிறகு, பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்கப் பழகட்டும். ஒரு முறை சுளுக்கிய கால் மறுபடியும் சுளுக்கிக்கொள்ளக் காத்திருக்கும். இந்தக் கொக்குத் தவம் அதைத் தடுக்க உதவும்.

எக்ஸ்ரேக்குத் தெரியாத விரிசல்

இன்னொரு வலி உண்டு. விழவும் இல்லை, அடிபடவும் இல்லை. ஆனால் முழங்காலுக்குக் கீழேயோ பாதத்திலோ குறிப்பிட்ட ஓர் இடத்தில் வலிக்கிறது. ஓடினால் அதிகமாகிறது, உட்கார்ந்தால் குறைகிறது. பிரஷ்யப் பட்டாளத்து டாக்டர் பிரைத்தௌப்ட் என்பவர், நீண்ட தூரம் நடந்த சிப்பாய்களின் கால் வலியைப் பற்றி 1855-லேயே எழுதினார். எக்ஸ்ரே வந்த பிறகு, 1897-ல்தான், அது எலும்பில் விழுந்த நுண்ணிய விரிசல் என்று தெரிந்தது.

எலும்பு தன்னைத் தானே ஓயாமல் பழுது பார்த்துக்கொள்கிறது. ஓட்டு வீட்டைப் பழுது பார்ப்பது போலத்தான். முதலில் பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுத்தான் புது ஓட்டை வைக்க முடியும். கழற்றிய சமயத்தில் அடைமழை பிடித்துக்கொண்டால்? திடீரென்று ஆரம்பித்த ஓட்டம்தான் அந்த அடைமழை.

முதல் இரண்டு மூன்று வாரங்களில் இந்த விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். "படம் சுத்தமாக இருக்கிறது" என்று சந்தோஷப்பட்டு மறுபடி ஓடிவிடக் கூடாது. எம்.ஆர்.ஐ. படம் காட்டிக் கொடுத்துவிடும். வலி இடுப்புக்குக் கீழே, தொடை இடுக்கில் இருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. தொடை எலும்பின் கழுத்தில் விழுந்த விரிசல் முழு முறிவாகிவிட்டால் ஆபரேஷன் தேவைப்படும். ராணுவக் கனவே அதோடு முடிந்துபோகலாம்.

மறைப்பதால் என்ன லாபம்?

"சொன்னால் அனுப்பமாட்டார்கள்" என்ற பயத்தில், வலி மாத்திரையை விழுங்கிவிட்டு ரயில் ஏறுகிறவர்கள் உண்டு. மாத்திரை வலியை மறைக்கும். விரிசலை ஒட்ட வைக்காது. அணிவகுப்பு மைதானம் மீதி வேலையைச் செய்துவிடும்.

மனநிலை, செவி, கை கால், உடல் வலிமை, கண் பார்வை ஆகிய ஐந்தையும் பார்த்து ராணுவத்தில் மதிப்பு இடுகிறார்கள். ஆங்கிலத்தில் அவற்றின் முதல் எழுத்துக்களைச் சேர்த்து 'ஷேப்' என்பார்கள். 'ஷேப் ஒன்று' என்றால் பூரண தகுதி. காயம் ஆறும்வரை இந்த மதிப்பைத் தற்காலிகமாகக் குறைத்து, பிறகு மறுபடி பரிசோதித்து உயர்த்துகிற வழக்கம் உண்டு. அடிபட்டவர்களைக் கண்டு ராணுவம் திடுக்கிடுவதில்லை. அதற்கு அது பழகிய சங்கதி. எனவே அடிபட்ட தேதி, டாக்டரின் சான்று, எடுத்த படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து, கிளம்புவதற்கு முன்பே எழுத்து மூலம் தெரிவித்துவிடுவதே நல்லது. சில மாதம் தாமதமாகலாம். பல வருஷ உத்தியோகத்தில் அது எம்மாத்திரம்?

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

ஓடுகிற பெண் அரைவயிறு சாப்பிட்டால் எலும்புதான் கடன் கொடுக்கும். மாத விலக்கு நின்று போனாலோ தள்ளிக்கொண்டே போனாலோ அலட்சியம் செய்யாதீர்கள். எலும்பு பலவீனமாகிறது என்பதற்கு அது எச்சரிக்கையாக இருக்கலாம். அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த 5,201 பெண்களிடம் நடந்த சோதனை ஒன்று 2008-ல் வெளியாயிற்று. தினமும் 2,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் 800 யூனிட் வைட்டமின் டியும் பெற்றவர்களிடையே இந்த விரிசல் 20 சதவிகிதம் குறைவாக இருந்ததாம். மாத்திரை வேண்டுமா என்பதை டாக்டர் சொல்லட்டும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. களியோ, அடையோ, கஞ்சியோ, அது உங்கள் இலாகா.

கால் ஓய்வில் இருக்கையில் நீச்சலும் சைக்கிளும் மூச்சைக் காப்பாற்றிக் கொடுக்கும். டாக்டரைக் கேட்டுக்கொண்டு செய்யலாம். வலியில்லாமல் வேகமாக நடக்க முடிந்த பிறகுதான் ஓட்டம். அதுவும் ஒன்று விட்டு ஒரு நாள், கொஞ்சம் கொஞ்சமாக.

நாளைக்கு எல்லைப்புறத்தில் ஒரு ஜவான் அவள் முன்னால் வந்து நிற்பான். வலியை மறைத்துக்கொண்டு, "ஒன்றுமில்லை, டாக்டர்" என்பான். தன் வலியைத் தைரியமாகச் சொல்லிப் பழகிய பெண்ணுக்கு, அந்தப் பொய்யை உடனே கண்டுபிடிக்கத் தெரியும்.