சரிவு நிலமும் வடிகாலும்

பலகை ஒன்றின்மீது நூற்சிப்பத்தை வைத்து, ஒரு முனையைச் சிறிது உயர்த்துவோம். சிப்பம் நகராது, மேலும் உயர்த்தினால் சறுக்கி வீழும். புவியீர்ப்பு விசை அதனைக் கீழே இழுக்க, உராய்வு விசை பற்றி நிறுத்துகிறது. சாய்வு மிகுந்தோறும் இழுவை மிகும், பிடிப்புத் தளரும்.

மலைச் சரிவிலுள்ள மண்ணின் நிலையும் இதுவே. பெருமழை நீர் மண்ணின் துளைகளை நிரப்பி எடையைக் கூட்டுகிறது. அதனினும் தீங்காக, அந்நீரின் அழுத்தம் மண் துகள்களின் பிடிப்பைத் தளர்த்திவிடுகிறது. 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த கனமழையால் சரிவுகள் பல பெயர்ந்து, 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

நிலத்தின்மேல் ஓடும் நீரும் எளியதன்று. அதன் வேகம் இருமடங்கானால், அது உருட்டவல்ல கல்லின் எடை ஏறத்தாழ 64 மடங்காகும். ஆதலின், படித்தளங்கள் அமைத்து வேகத்தைத் தணித்தல் வேண்டும். மண் ஊறிக் கனக்காதவாறு, மிகை நீரை வடிகால் வழியே வெளியேற்றுதலும் வேண்டும்.

வடிகாலைத் தூர்த்து, உருளைக்கிழங்கு இரண்டு வரிசை கூடுதலாக நட்ட அங்கத்தினர் ஒருவரை நாம் அறிவோம். அவ்வாண்டு மழையில் பெயர்ந்தது அவர் நிலமன்று; கீழேயிருந்தவரின் நிலம். பட்டா எல்லையை நீர் அறியாது. எனவே வடிகாலைத் தூர் வாருவது தனியொருவர் பணியாகாது. மழைக்கு முன்னரே, மேல்நிலத்தாரும் கீழ்நிலத்தாரும் ஒருங்குகூடி அதனைச் செய்து முடிப்பார்களாக.