தாமஸ் பிர்டாரிச்

தாமஸ் பிர்டாரிச் (பிறப்பு: ஜனவரி 23, 1975) ஜெர்மனியைச் சேர்ந்த முன்னாள் கால்பந்து வீரரும் பயிற்சியாளரும் ஆவார். முன்கள ஆட்டக்காரரான இவர் பேயர் லெவர்குசன், ஹனோவர் 96, வொல்ஃப்ஸ்புர்க் ஆகிய கழகங்களுக்காக ஜெர்மனியின் முதல்நிலைத் தொடரான பண்டஸ்லிகாவில் ஆடினார். 2002-க்கும் 2005-க்கும் இடையில் ஜெர்மனி தேசிய அணிக்காக 8 பன்னாட்டு ஆட்டங்களில் பங்கேற்றார். தமிழ்நாட்டு ரசிகர்கள் இவரை 2022-23 பருவத்தில் சென்னையின் எஃப்.சி. அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் என்று அறிவர். அந்தப் பருவத்தில் அணி புள்ளிப் பட்டியலில் எட்டாவது இடத்தில் முடிந்தது. அதற்கு முந்தைய இரு பருவங்களிலும் எட்டாவது இடமே கிடைத்திருந்தது. எனவே இவரால் அணியில் மாற்றம் எதுவும் வரவில்லை என்று எண்ணத் தோன்றும். ஆட்டக் கணக்குகளைப் பிரித்துப் பார்த்தால் வேறொரு விடை கிடைக்கிறது.

இளமையும் தொடக்க ஆண்டுகளும்

பிர்டாரிச் தென்மேற்கு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகருக்கு அருகிலுள்ள நூர்ட்டிங்கன் என்ற ஊரில் பிறந்தார். வி.எஃப்.பி. ஸ்டுட்கார்ட் கழகத்தின் வழியாகத் தொழில்முறை ஆட்டத்துக்குள் வந்தார். அங்கு நிலையான இடம் கிடைக்காத நிலையில், இரண்டாம் நிலைத் தொடரில் ஆடிய ஃபோர்ச்சுனா கொலோன் அணிக்குச் சென்று கோல் அடிப்பவராகப் பெயர் பெற்றார். 1999-ல் பேயர் லெவர்குசன் கழகம் இவரைச் சேர்த்துக்கொண்டது.

2002: மூன்று இரண்டாமிடங்கள்

லெவர்குசன் அணி 2001-02 பருவத்தில் கிளவுஸ் டாப்மொல்லரின் பயிற்சியில் மிகச் சிறப்பாக ஆடியது. மிஷேல் பாலாக், லூசியோ, பெர்ன்ட் ஷ்னைடர், ஸெ ரோபர்ட்டோ போன்றோர் அந்த அணியில் இருந்தனர். பண்டஸ்லிகாவில் மூன்று ஆட்டங்கள் மீதமிருந்தபோது அணி 5 புள்ளிகள் முன்னிலையில் நின்றது. ஆயினும் இறுதியில் பொருசியா டார்ட்மண்ட் 70 புள்ளிகளுடன் பட்டம் வென்றது. லெவர்குசனுக்கு 69 புள்ளிகளே கிடைத்தன. 2002 மே 11 அன்று நடந்த ஜெர்மன் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஷால்கே அணியிடம் 2-4 என்று தோற்றது.

அதற்கு நான்கு நாள் கழித்து, மே 15 அன்று, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலுள்ள ஹாம்ப்டன் பார்க் அரங்கில் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் நடந்தது. லிவர்பூல், மான்செஸ்டர் யுனைடெட் ஆகிய அணிகளை வெளியேற்றி அங்கு வந்திருந்த லெவர்குசன், ரியல் மாட்ரிட் அணியை எதிர்கொண்டது. பிர்டாரிச் முதல் பதினொருவரில் இடம்பெற்றார். 39-ஆவது நிமிடத்தில் இவருக்குப் பதிலாக திமிதார் பெர்பட்டோவ் களமிறக்கப்பட்டார். முதல் பாதி முடியும் தறுவாயில் ஸினடின் ஸிடான் அடித்த கோலால் ரியல் மாட்ரிட் 2-1 என்று வென்றது.

ஒரே பருவத்தில் மூன்று பட்டங்களையும் ஓரடி தூரத்தில் இழந்த அணி என்று லெவர்குசன் நெடுங்காலம் பேசப்பட்டது. அந்தக் கழகம் தன் முதல் பண்டஸ்லிகா பட்டத்தை வெல்வதற்கு 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தேசிய அணியும் ஓய்வும்

2003-ல் பிர்டாரிச் ஹனோவர் 96 அணிக்கு மாறினார். அங்கு ஆடிய விதம் 2004 ஐரோப்பியக் கோப்பைக்கான ஜெர்மனி அணியில் இவருக்கு இடம் பெற்றுத் தந்தது. அதே ஆண்டில் வொல்ஃப்ஸ்புர்க் கழகத்துக்குச் சென்றார். 2004 அக்டோபர் 9 அன்று தெஹ்ரானில் ஈரானுக்கு எதிராக ஜெர்மனி 2-0 என்று வென்ற நட்புமுறை ஆட்டத்தில் இவர் அடித்ததே தேசிய அணிக்காக இவர் அடித்த ஒரே கோல். அப்போது யூர்கன் கிளின்ஸ்மன் தேசியப் பயிற்சியாளராக இருந்தார். 2005-ல் ஜெர்மனியில் நடந்த கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பைக்கான அணியிலும் பிர்டாரிச் இடம்பெற்றிருந்தார்.

2005-ல் மீண்டும் ஹனோவருக்குத் திரும்பினார். அதன்பின் முழங்கால் காயம் இவரைத் தொடர்ந்து துன்புறுத்தியது. 2008-ல், 33 வயதில், ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

ஆட்டக்காரர் பயிற்சியாளராவது

கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவர் எல்லாரும் நல்ல கணக்கு ஆசிரியர் ஆகிவிடுவதில்லை. கால்பந்துக்கும் இது பொருந்தும். ஆட்டக்காரர் தன் இடத்தையும் தன் உடலையும் கவனித்தால் போதும். பயிற்சியாளரோ இருபத்தைந்து பேரின் உடல்தகுதி, மனநிலை, எதிரணியின் பழக்கங்கள், நீண்ட பயணங்கள், கழக நிர்வாகத்தின் எதிர்பார்ப்பு ஆகிய அனைத்தையும் ஒருசேரப் பார்க்க வேண்டும்.

இதனால்தான் ஐரோப்பாவில் பயிற்சியாளருக்குப் படிப்படியான உரிமங்கள் உள்ளன. அவற்றுள் உயர்ந்தது புரோ உரிமம். ஜெர்மனியில் இந்த நிலைக்கு 'ஃபுஸ்பால் லேரர்' என்ற பெயர் வழங்கிவந்தது. இதன் நேர்ப்பொருள் 'கால்பந்து ஆசிரியர்' என்பதாகும்.

பொறுப்பின் அளவும் நாட்டுக்கு நாடு வேறுபடும். இங்கிலாந்தில் மரபாக 'மேனேஜர்' எனப்படுபவர் வீரர்களை வாங்குவது, விற்பது வரை கவனித்தார். ஜெர்மனியில் அந்த வேலைக்கெனத் தனியாக விளையாட்டு இயக்குநர் இருப்பார். பயிற்சியாளர் களத்தைப் பார்த்துக்கொள்வார். இந்தியன் சூப்பர் லீக் தொடரில் 'தலைமைப் பயிற்சியாளர்' என்ற பெயரே வழங்குகிறது.

கீழ்நிலைத் தொடர்களில்

புகழ்பெற்ற வீரர்கள் சிலர் ஓய்வு பெற்றதும் நேராகப் பெரிய கழகங்களின் பொறுப்புக்கு வந்துவிடுவர். பிர்டாரிச்சுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. யூனியன் ஸோலிங்கன் என்ற சிறிய கழகத்தில் தொடங்கி, ஜெர்மனியின் கீழ்நிலைத் தொடர்களிலேயே பல ஆண்டுகள் பணிபுரிந்தார்.

இவற்றுள் குறிப்பிடத்தக்கது டி.எஸ்.ஜி. நாய்ஷ்ட்ரேலிட்ஸ் கழகத்தில் இவர் ஆற்றிய பணி. நாய்ஷ்ட்ரேலிட்ஸ் வடகிழக்கு ஜெர்மனியில் ஏறத்தாழ 20,000 பேர் வாழும் சிற்றூர். 2013-14 பருவத்தில் அந்த அணி நான்காம் நிலைத் தொடரின் வடகிழக்குப் பிரிவில் முதலிடம் பெற்றது. ஆனால் அன்றைய விதிப்படி, பிரிவில் முதலிடம் பெற்றாலும் மூன்றாம் நிலைக்கு நேராக உயர முடியாது. தகுதிச் சுற்றில் வெல்ல வேண்டும். அதில் மைன்ஸ் கழகத்தின் இரண்டாம் அணியிடம் நாய்ஷ்ட்ரேலிட்ஸ் தோற்றது. பின்னர் பிர்டாரிச் வொல்ஃப்ஸ்புர்க் கழகத்தின் இரண்டாம் அணிக்குப் பயிற்சியாளரானார்.

2018-ல் ரோட்-வைஸ் எர்ஃபர்ட் கழகத்தின் பொறுப்பை ஏற்றார். அந்தக் கழகம் அப்போதுதான் கடன் தாளாமல் நொடிப்பு நடவடிக்கைக்கு உள்ளாகி, நான்காம் நிலைக்கும் இறங்கியிருந்தது. அதன்பின் ஜெர்மனிக்கு வெளியே சென்ற பிர்டாரிச், அல்பேனியாவின் ஷ்கோடர் நகரைச் சேர்ந்த விலாஸ்னியா அணியுடன் 2022-ல் அல்பேனியக் கோப்பையை வென்றார். அந்த வெற்றிக்குப் பிறகு சென்னையிலிருந்து அழைப்பு வந்தது.

சென்னையின் எஃப்.சி.

சென்னையின் எஃப்.சி. 2014-ல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது உருவான கழகம். உலகக் கோப்பை வென்ற இத்தாலிய வீரர் மார்கோ மடெராசி அதன் முதல் பயிற்சியாளராகவும் ஆட்டக்காரராகவும் இருந்தார். அவருடைய பயிற்சியில் 2015-லும், ஜான் கிரிகரியின் பயிற்சியில் 2017-18-லும் அணி பட்டம் வென்றது. 2019-20-ல் ஓவன் கோயில் அணியை இறுதி ஆட்டம் வரை கொண்டுசென்றார். அடுத்த இரு பருவங்களில் அணி சரிந்தது. 2020-21-ல் 20 புள்ளிகளுடன் எட்டாவது இடம். 2021-22-லும் 20 புள்ளிகளுடன் எட்டாவது இடம்.

கொரோனா பரவலால் அந்த இரு பருவங்களும் கோவாவிலேயே நடந்தன. சென்னை ரசிகர்கள் தங்கள் அணியை நேரில் காண முடியவில்லை. 2020 பிப்ரவரி 29-க்குப் பிறகு பெரியமேட்டிலுள்ள ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கில் லீக் ஆட்டம் எதுவும் நடக்கவில்லை.

சென்னையின் தென்பகுதியில் விளையாட்டு என்றாலே சேப்பாக்கமும் கிரிக்கெட்டும்தான் நினைவுக்கு வரும். ஆனால் நேரு அரங்கமும் எட்டாத தூரத்தில் இல்லை. தியாகராய நகரிலிருந்து வருபவர்கள் மாம்பலத்தில் மின்தொடர் வண்டி ஏறிப் பூங்கா நிலையத்தில் இறங்கலாம். சென்ட்ரல் நிலையத்துக்குப் பின்புறம் அரங்கம் இருக்கிறது. மயிலாப்பூர், அடையாறு பகுதி இளைஞர்களும் கூடும் இந்த அரங்கில் 'பி ஸ்டாண்ட் புளூஸ்', 'சூப்பர் மச்சான்ஸ்' ஆகிய ரசிகர் குழுக்கள் நீலச் சட்டையுடன் திரளுவதுண்டு. அவர்களுடைய காத்திருப்பு முடிந்த பருவத்தில்தான் பிர்டாரிச் பொறுப்பேற்றார்.

2022-23 பருவம்

2022 ஜூனில் பிர்டாரிச் நியமிக்கப்பட்டார். முதலில் வந்த டூரண்ட் கோப்பைப் போட்டியில் அணி காலிறுதி வரை சென்று, மும்பை சிட்டி அணியிடம் கூடுதல் நேரத்தில் 3-5 என்று தோற்றது. லீக் தொடரின் முதல் ஆட்டத்தில், அக்டோபர் 10 அன்று, கொல்கத்தாவில் ஏ.டி.கே. மோகன் பகான் அணியை 2-1 என்று வென்றது. முதலில் ஒரு கோல் வாங்கிய பின், குவாமே கரிகரியும் ரஹிம் அலியும் அடித்த கோல்களால் கிடைத்த வெற்றி இது. அக்டோபர் 14 அன்று சென்னைக்குத் திரும்பிய அணி, பெங்களூரு அணியுடன் 1-1 என்று சமன் செய்தது.

தொடரின் விதிப்படி ஓர் அணி ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டு வீரர்களை மட்டுமே களமிறக்கலாம். எனவே குறைந்தது ஏழு இடங்களில் இந்திய வீரர்கள் ஆட வேண்டும். அனிருத் தாபா தலைமையில் ரஹிம் அலி, வின்சி பரெட்டோ, ஆகாஷ் சங்வான் போன்றோரை பிர்டாரிச் தொடர்ந்து பயன்படுத்தினார். வெளிநாட்டு வீரர்களில் நெதர்லாந்தின் அப்துல் நாசர் எல் கயாட்டி 12 ஆட்டங்களில் 9 கோல்களும், பீட்டர் ஸ்லிஸ்கோவிச் 8 கோல்களும் அடித்தனர். டிசம்பரில் நார்த்ஈஸ்ட் யுனைடெட் அணியை 7-3 என்று வென்ற ஆட்டத்தில் எல் கயாட்டி மூன்று கோல்கள் அடித்தார்.

அந்த 7-3 அணியின் வலிமை, பலவீனம் இரண்டையும் காட்டியது. கோல் அடிப்பதில் குறையில்லை. கோல் வாங்குவதையும் நிறுத்த முடியவில்லை.

எட்டாவது இடத்தின் பொருள்

லீக் ஆட்டத்தில் வெற்றிக்கு 3 புள்ளிகள், சமனுக்கு 1 புள்ளி. 2021-22-ல் சென்னை அணி 20 ஆட்டங்களில் 5 வெற்றி, 5 சமன், 10 தோல்வி கண்டது. பிர்டாரிச்சின் பருவத்தில் அதே 20 ஆட்டங்களில் 7 வெற்றி, 6 சமன், 7 தோல்வி. அதாவது 27 புள்ளிகள். முந்தைய பருவத்தைவிட 7 கூடுதல்.

முந்தைய இரு பருவங்களிலும் அணி தலா 17 கோல்களே அடித்திருந்தது. இப்பருவத்தில் 36 கோல்கள் அடித்தது. இது இரு மடங்குக்கும் அதிகம். ஆனால் வாங்கிய கோல்கள் 37. ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ இரண்டு கோல் வாங்கும் அணி தொடர்ந்து வெல்வது கடினம்.

அந்தப் பருவத்தில் முதல் ஆறு இடங்களைப் பெறும் அணிகள் அடுத்த சுற்றுக்குச் செல்லும் முறை இருந்தது. ஆறாவது இடம் பெற்ற ஒடிசா அணிக்கு 30 புள்ளிகள். சென்னைக்குக் குறைந்தவை 3 புள்ளிகள்; ஒரே ஒரு வெற்றியின் மதிப்பு. பருவம் முடிந்தபின் பிர்டாரிச் கழகத்திலிருந்து விலகினார். ஓவன் கோயில் மீண்டும் பயிற்சியாளரானார்.

அடுத்த பருவமான 2023-24-ல் சென்னை அணி பெற்றதும் அதே 27 புள்ளிகள்தான். அப்போது தொடரில் 12 அணிகள் இருந்ததால் ஒவ்வோர் அணியும் 22 ஆட்டங்கள் ஆடின. சென்னை 8 வெற்றி, 3 சமன், 11 தோல்வியுடன் ஆறாவது இடம் பிடித்து அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்றது. இரண்டு ஆட்டங்கள் குறைவாக ஆடி அதே புள்ளிகளை எடுத்த முந்தைய ஆண்டு அணிக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. மற்ற அணிகள் எடுத்த புள்ளிகளும் ஒரு பயிற்சியாளரின் பருவம் வெற்றியா தோல்வியா என்பதை முடிவு செய்கின்றன.

மதிப்பீடு

பிர்டாரிச் சென்னைக்குக் கோப்பை எதையும் பெற்றுத் தரவில்லை. தற்காப்பைச் சீர்செய்ய முடியாமல் போனது அவருடைய பருவத்தின் குறை. கோல் அடிக்கத் திணறிய அணி மீண்டும் தாராளமாகக் கோல் அடித்ததும், புள்ளிகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடியதும் அவர் காலத்தில் நடந்தவை. பருவத்துக்கொரு பயிற்சியாளர் மாறும் கழகத்தில், தாக்குதலைச் சரிசெய்தவருக்கே தற்காப்பையும் சரிசெய்யும் இரண்டாம் ஆண்டு கிடைப்பதில்லை. 2020 முதல் 2023 வரையிலான மூன்று பருவங்களில் சபா லாஸ்லோ, போஷிதார் பாண்டோவிச், தாமஸ் பிர்டாரிச் என மூவர் சென்னையின் பொறுப்பை ஏற்றனர். மூன்று பருவங்களுக்கும் பட்டியலில் ஒரே இடம் பதிவாகியிருந்தாலும், மூன்றாவது பருவத்தின் ஆட்டம் முந்தைய இரண்டிலிருந்தும் வேறுபட்டது.