கலியாணப் பத்திரிகையும் அத்தையின் கண்களும்

கலியாணம் நிச்சயமானவுடன் வீட்டில் எழும் முதல் விவாதம் சமையலைப் பற்றியதன்று, பத்திரிகையைப் பற்றியது. எந்தக் காகிதம், எந்த வர்ணம், எந்த அச்சு என்று சிறுவர் முதல் பெரியவர் வரை அபிப்பிராயம் சொல்வார்கள். அதைப் படிக்கப் போகிறவர் யார் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. நாமும் கேட்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நம் குடும்பத்தில் நடந்த கலியாணத்துக்குக் கரும்பச்சை அட்டையில் பொன்னிறத் தகடு பதித்த எழுத்துக்களைத் தேர்ந்தெடுத்தோம். பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். முகூர்த்தம் 16-ந் தேதி. எண்பதைக் கடந்த நம் அத்தை, 17-ந் தேதி மாலை பெட்டியும் கையுமாக வந்து இறங்கினாள். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பத்திரிகை அழகாய்த்தான் இருக்கிறது, அப்பா, எழுத்துத்தான் கண்ணுக்குப் பிடிபடவில்லை" என்றாள்.

எடுத்துப் பார்த்தோம். இம்முறையில் மெல்லிய தகட்டைச் சூடான உலோக அச்சால் அட்டையில் அழுத்திப் பதிக்கிறார்கள். எழுத்து மிகவும் சிறியதானால் அதன் உள் இடைவெளியையும் தகடு மூடிவிடும். 6 என்பது அத்தைக்கு 8 ஆகத் தோன்றியது இப்படித்தான். கிழமையோ பளபளப்பில் மறைந்திருந்தது. குற்றம் அச்சகத்தாருடையதன்று, 'எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கலாமே' என்று அவர் சொன்னதைத் தள்ளிவிட்ட நம்முடையதே.

அதன் பின்னரே அச்சு முறைகளைப் பற்றி விசாரிக்கலானோம். ஈயம், வெள்ளீயம், ஆன்டிமனி கலந்து வார்த்த எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கோத்து, டிரெடில் இயந்திரத்தில் அடித்த பழைய பத்திரிகைகள் சில நம் வீட்டுப் பெட்டியில் உள்ளன. தடவிப் பார்த்தால் எழுத்து இன்றும் விரலில் தட்டுப்படுகிறது. ஆனால் அம்முறை இப்போது அருகிவிட்டது.

ஆப்செட் முறையில் அலுமினியத் தகட்டிலுள்ள மை ரப்பர் விரிப்புக்கு மாறி, அங்கிருந்து காகிதத்துக்கு வருகிறது. நூறு பிரதியானாலும் ஆயிரமானாலும் தகடு செய்யும் செலவு ஒன்றே. ஆகவே எண்ணிக்கை மிகுந்தால் இதுவே லாபம். இதன் மை மெல்லியது. கரும் அட்டையில் எடுபடாது. ஸ்கிரீன் அச்சில் சட்டத்தில் கட்டிய வலைத்துணி வழியே மையைத் தள்ளுகிறார்கள். மை கனமாகப் படிவதால் தடித்த அட்டைக்கும், கருநிற அட்டையில் வெள்ளை எழுத்துக்கும் ஏற்றது. டிஜிட்டல் முறைக்குத் தகடே வேண்டாம். ஐம்பது பிரதி போதுமென்பவருக்கு அது சிக்கனம். ஒவ்வொரு பிரதியிலும் அழைக்கப்படுபவரின் பெயரையே அச்சிடவும் கூடும். சிவகாசியில் பல வர்ணப் படத்தோடு தயாராகும் அட்டைகளை வாங்கி, விஷயத்தை மட்டும் உள்ளூர் அச்சகத்தில் அடித்துக்கொள்வதும் வழக்கந்தான்.

எந்த முறையாயினும் மூன்று சோதனைகள் அவசியம். பிரதிகள் எத்தனை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மாதிரி அட்டையில் ஒரு மூலையில் மஞ்சள் தடவிப் பாருங்கள். மெழுகுப் பூச்சுள்ள சில அட்டைகளில் அது ஒட்டாது. கடைசியாக, மெய்ப்பை வீட்டில் மிக மூத்தவரிடம் கொடுத்து, விளக்கு வெளிச்சத்தில் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

அடுத்த கலியாணத்துக்கு வெள்ளைக் காகிதத்தில் கறுப்பு மையில் அச்சிடத் தீர்மானித்து, மெய்ப்பை அத்தையிடமே கொடுத்தோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்து முடித்தாள்.

"தேதி நன்றாகத் தெரிகிறது. ஆனால், உங்கள் பாட்டனார் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறதே!" என்றாள்.